ராயல்டி வேண்டாம் என்ற ஒலிப்பதிவாளர்: ஸ்டீவ் அல்பினி

1992 நவம்பரில் நிர்வாணா குழுவுக்கு ஸ்டீவ் அல்பினி ஒரு நீளமான கடிதம் எழுதினார். உலகத்தில் அப்போது அதிகம் பேசப்பட்ட ராக் குழு அதுதான். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான 'நெவர்மைண்ட்', மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்தை அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கியிருந்தது. அடுத்த ஆல்பத்தைப் பதிவு செய்ய அல்பினியைக் கூப்பிடலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே தன் பக்கத்து நிபந்தனைகளைச் சொல்லிவிடுவதற்காக அவர் எழுதிய கடிதம் அது. ஒரு ஆல்பம் முடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனால் யாரோ எங்கோ சொதப்புகிறார்கள் என்று பொருள் என்றார். விற்பனையில் பங்கு வாங்குவது அறத்துக்கே விரோதம் என்றார். பாட்டை எழுதுவது குழு, வாசிப்பது குழு, இசைத்தட்டை வாங்குவது குழுவின் ரசிகர்கள், அதனால் ராயல்டி முழுக்கக் குழுவுக்கே சேர வேண்டும். தனக்கு, குழாய் ரிப்பேர் செய்ய வருபவருக்குக் கொடுப்பதைப் போல, செய்த வேலைக்கான கூலி போதும்.

விட்டுக்கொடுப்பது எவ்வளவு என்பதையும் அவரே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். 30 லட்சம் பிரதிகள் விற்றால் ஒன்று, ஒன்றரை சதவீதப் பங்குக்கே சுமார் 4 லட்சம் டாலர் வரும். அத்தனை பணத்தை வாங்கினால் தனக்குத் தூக்கம் வராது என்று எழுதினார்.

இந்தக் கதையை அல்பினியின் பெருந்தன்மைக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். பெருந்தன்மை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் பார்த்தால் அவர் தொழிலின் மையம் கைநழுவிப் போகும். அவர் எப்படிக் காசு வாங்கினார் என்பதுதான் அவர் பதிவு செய்த ஆல்பங்கள் எப்படி ஒலித்தன என்பதையும் தீர்மானித்தது. கூலிமுறையும் ஒலியும் ஒரே யோசனையிலிருந்து வந்தவை. அந்த யோசனை அவர் ஸ்டுடியோ வைத்த பிறகு வந்ததல்ல, சொந்தமாக பேண்ட் நடத்திய காலத்திலேயே உருவானது.

அவர் எதிலிருந்து விலகி நின்றார் என்பதை முதலில் பார்த்துவிடலாம். ராக் உலகில் ரெக்கார்ட் புரொட்யூசர் என்பவர் பணம் போடுபவர் அல்ல. ஸ்டுடியோவில் குழுவோடு உட்கார்ந்து எந்தப் பாட்டை எடுப்பது, என்ன வேகத்தில் வாசிப்பது, எத்தனையாவது தடவை பாடியதை வைத்துக்கொள்வது, எந்த வரியை வெட்டுவது, கோரஸில் எத்தனை குரலை அடுக்குவது என்று முடிவெடுப்பவர் அவர். கையில் ஒரு தொகையும், அதன் பின் விற்பனையில் சில சதவீதமும் அவருக்குப் போகும். அந்தச் சதவீதம் பெரும்பாலும் குழுவுக்கு வர வேண்டிய ராயல்டியிலிருந்தே கழிக்கப்படும். மேடையில் வாசித்துக்கொண்டிருந்த பலர் இந்த நாற்காலிக்கு வந்திருக்கிறார்கள். டாட் ருண்ட்கிரன், பிரையன் ஈனோ, ஜெஃப் லின் எல்லோரும் இசைக்கலைஞர்களாகத் தொடங்கியவர்கள்தான். இவர்கள் தங்கள் ரசனையையும் கூடவே எடுத்து வந்தார்கள், அதற்காகவே அழைக்கப்பட்டார்கள். ஜெஃப் லின் கைபட்ட ஆல்பத்தைச் சில நொடிகளிலேயே அடையாளம் சொல்லிவிடலாம்.

அல்பினி இதற்கு நேர் எதிர்த் திசையில் போனார். புரொட்யூசர் என்று உறையில் போடவே அவர் சம்மதிப்பதில்லை. 'பதிவு செய்தவர்' என்று போட்டால் போதும், பெயரே போடாவிட்டால் இன்னும் நல்லது.

1962இல் கலிஃபோர்னியாவின் பசடீனாவில் பிறந்து, மொன்டானா மாநிலத்தின் மிசூலாவில் வளர்ந்தவர் அவர். பங்க் இசையில் பித்தாகி, இதழியல் படிக்க சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில் இருக்கும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மாணவராக இருக்கும்போதே, 1981இல், பிக் பிளாக் என்று ஒரு குழுவைத் தொடங்கினார். குழு என்று சொன்னாலும் முதலில் அதில் ஆளே கிடையாது. ஒரு கிட்டார், ஒரு டிரம் மெஷின், கடன் வாங்கிய நாலு டிராக் டேப் ரெக்கார்டர், அவர். அப்படிப் பதிவானதுதான் 1982இல் வந்த 'லங்ஸ்'. பின்னால் சான்டியாகோ டுராங்கோ போன்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். நிலையான டிரம்மர் மட்டும் கடைசிவரை வரவேயில்லை. ஆல்பம் உறைகளில் டிரம்மர் பெயருக்கு நேராக 'ரோலண்ட்' என்று இருக்கும். அந்த டிரம் மெஷினைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர் அது. தகரத்தை அறுப்பதுபோல் கூர்மையான கிட்டார், ஈவு இரக்கமில்லாத இயந்திரத் தாளம், மனிதர்கள் செய்யும் கொடூரங்களை முகத்துக்கு நேரே வைக்கும் பாடல்கள். 1986இல் வந்த 'அடாமைசர்' இன்றும் கேட்பவரைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளும்.

இசையைவிடவும் அந்தக் குழு நடந்த விதம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். மேனேஜர் கிடையாது, வக்கீல் கிடையாது, எழுத்து ஒப்பந்தம் கிடையாது. கச்சேரிகளை அவர்களே பேசி ஏற்பாடு செய்தார்கள், சாமான்களை அவர்களே தூக்கினார்கள், செலவுபோக மிஞ்சியதை அவர்களே பிரித்துக்கொண்டார்கள். சிகாகோவின் டச் அண்ட் கோ போன்ற சின்ன லேபிள்கள், அதாவது இசைத்தட்டு வெளியிடும் நிறுவனங்கள், கை குலுக்கி, செலவு போக லாபத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் வழக்கத்தில் இயங்கியவை. அல்பினிக்கு இதுவே இயல்பான உலகம். இசையில் சம்பந்தப்படாத ஒருவர் இடையில் வந்து நின்றால் காசும் போகும், கட்டுப்பாடும் போகும் என்பது அவர் எங்கோ படித்துத் தெரிந்துகொண்ட கொள்கை அல்ல, கையில் பிடித்துப் பார்த்த அனுபவம். 1987இல் டுராங்கோ சட்டக் கல்லூரிக்குப் போக முடிவெடுத்தார், பேர் ஏறிக்கொண்டிருந்த நேரத்திலேயே குழுவைக் கலைத்தார்கள்.

அதற்குள் நண்பர்களின் குழுக்களைப் பதிவு செய்து தருபவராக அவர் பெயர் பரவியிருந்தது. 1987 டிசம்பரில் பாஸ்டனில் அவர் பதிவு செய்து, 1988இல் வெளியான பிக்ஸிஸ் குழுவின் 'சர்ஃபர் ரோசா'தான் அவரைச் சிறு வட்டத்துக்கு வெளியே கொண்டுபோனது. அந்த ஆல்பத்தில் டிரம்ஸ் ஒலிப்பதைக் கவனித்தால் அல்பினி என்ன செய்தார் என்பது புரியும். அந்தக் காலத்து ராக் பதிவுகளில் டிரம்ஸ் மேல் செயற்கை எதிரொலி மெத்தைபோல் படிந்திருக்கும். இங்கே அது இல்லை. குச்சி தோலில் படும் அடி முதலில் கேட்கிறது, அடுத்த கணம் சுவரில் பட்டுத் திரும்பிய ஒலி வருகிறது. ஒரு அறைக்குள் ஒருவர் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருக்கிறார் என்பது காதுக்குத் தெரிகிறது. குழுவில் பேஸ் கிட்டார் வாசித்துப் பாடிய கிம் டீலின் குரலுக்கு எதிரொலி தேவைப்பட்டபோது, மெஷினில் ஒரு பட்டனைத் திருப்பாமல், கருவிகளை ஸ்டுடியோவின் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இத்தனைக்கும் சில ஆண்டுகள் கழித்து அதே குழுவைப் பற்றி ஒரு பத்திரிகையில் ஏளனமாக எழுதினார் அல்பினி. அது நியாயமில்லாத பேச்சு, பின்னாளில் அவரே மன்னிப்புக் கேட்டார்.

இந்த டிரம்ஸ் ஒலிக்குப் பின்னால் இருப்பது எளிய இயற்பியல். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். டிரம்முக்கு ஒட்டி ஒரு மைக்கும், மூன்றரை மீட்டர் தள்ளி இன்னொரு மைக்கும் வைத்தால், தள்ளி இருப்பதில் அதே அடி 10 மில்லி விநாடி தாமதமாக வந்து சேரும். காது அந்தத் தாமதத்தைத் தனி ஒலியாகக் கேட்பதில்லை, அறையின் அளவாக உணர்கிறது. அல்பினி டிரம்ஸைச் சுற்றி நெருக்கமாகவும், அறையின் தூரத்து மூலைகளில் தரையோடு தரையாகவும் மைக்குகளை வைப்பார். தூரத்து மைக்குகளின் ஒலியைச் சில சமயம் இன்னும் 10, 20 மில்லி விநாடி தள்ளிப்போடுவார். இருக்கும் அறையைவிடப் பெரிய அறையில் வாசிப்பதாக அப்போது கேட்கும். அடியின் கூர்மை மழுங்காது, பின்னால் வெளியும் கிடைக்கும். செயற்கை எதிரொலியைப் பூசினால் கூர்மை போய்விடும் என்பதுதான் அதன் மேல் அவருக்கிருந்த ஆட்சேபம்.

இதைச் செய்ய இரண்டு விஷயம் வேண்டும். நல்ல அறை, பாட்டை முழுதாக வாசிக்கத் தெரிந்த குழு. எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள், டேப் ஓடும், நாலைந்து தடவைக்குள் ஒன்று அமைந்துவிடும். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியாக எடுத்து, நூறு துண்டாக வெட்டி ஒட்டும் வேலை இல்லாததால் நாள் குறைகிறது. நாள் குறைந்தால் வாடகை குறைகிறது. வாடகை குறைந்தால் லேபிளிடம் பெரிய அட்வான்ஸ் வாங்க வேண்டியதில்லை. அட்வான்ஸ் சின்னதாக இருந்தால் அதைத் திருப்பிக் கழிக்கும் பாரமும் சின்னது. அவருடைய வேகம் சிக்கனமாகவும் இருந்தது, ரசனையாகவும் இருந்தது, குழுவைக் கடனிலிருந்து காக்கும் வழியாகவும் இருந்தது.

கடன் என்று சொன்னதை அவரே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். 1993இல் 'தி பேஃப்ளர்' என்ற சிகாகோ இதழில் இசைத்தட்டு வியாபாரத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையின் கடைசிப் பகுதி கிட்டத்தட்ட ஒரு வரவுசெலவு ஏடு. பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட கற்பனைக் குழு ஒன்றுக்கு நாலு பேர். அட்வான்ஸ் 2,50,000 டாலர். ஆல்பம் 2,50,000 பிரதிகள் விற்கிறது, பிரதி 12 டாலர் என்றால் கடையில் புரண்ட பணம் 30 லட்சம் டாலர். யார் கேட்டாலும் வெற்றி என்றுதான் சொல்வார்கள். 90 சதவீத விற்பனைக்கு 13 சதவீதம் என்ற கணக்கில் குழுவின் ராயல்டி 3,51,000 டாலர். இதிலிருந்து அட்வான்ஸ் 2,50,000 போகிறது. புரொட்யூசருக்கு முன்பணம் போக இன்னும் தர வேண்டிய பங்கு 40,000, விளம்பரத்துக்கு 25,000, பழைய லேபிளிடமிருந்து குழுவை விடுவித்த தொகை 50,000. கூட்டிக் கழித்தால் குழு நிறுவனத்துக்கு இன்னும் 14,000 டாலர் பாக்கி. எல்லாக் கணக்கும் முடிந்த பிறகு நிறுவனத்துக்கு 7,10,000 டாலர், புரொட்யூசருக்கு 90,000 டாலர், குழுவில் ஒவ்வொருவருக்கும் 4,031 டாலர் 25 சென்ட். ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்திருந்தால் அதைப்போல மூன்று மடங்கு சம்பாதித்திருப்பார்கள் என்று முடிக்கிறார்.

அந்தப் பட்டியலில் புரொட்யூசரின் வரியைத் திரும்பப் பாருங்கள். பாட்டு எழுதியவர்கள் கடனாளியாக நிற்கும்போது, அவர்களோடு சில வாரம் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு 90,000. நிர்வாணாவுக்கு எழுதிய கடிதமும் இந்தக் கட்டுரையும் சில மாத இடைவெளியில் வந்தவை. ஒன்று வாக்குறுதி, மற்றது அதற்கான காரணம்.

நிர்வாணாவின் முந்தைய ஆல்பத்தைச் செய்த புட்ச் விக்கும் ஒரு ராக் இசைக்கலைஞர்தான், டிரம்மர். விஸ்கான்சினின் மேடிசனில் 1983இல் நண்பரோடு சேர்ந்து ஸ்மார்ட் ஸ்டுடியோஸைத் தொடங்கி, சின்னக் குழுக்களைக் குறைந்த செலவில் பதிவு செய்து மேலே வந்தவர். பின்னணி அல்பினியுடையதைப் போலவே இருக்கிறது, முடிவு வேறு. ஒரே வரியை இரண்டு முறை பாடி ஒன்றின் மேல் ஒன்று அடுக்குவது நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபெயினுக்குப் பிடிக்காது, அது ஏமாற்று என்று நினைத்தார். ஜான் லெனன் அப்படித்தான் செய்தார் என்று சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தார் விக். அந்த அடுக்கிய குரல் இல்லாமல் 'நெவர்மைண்ட்' வானொலியில் அந்த அளவுக்கு ஓடியிருக்குமா என்பது சந்தேகம்தான். விக் தவறு செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். பாடுபவர் வேண்டாம் என்றதை, பாட்டுக்கு வேண்டும் என்று கண்டு, நயமாகப் பேசி வாங்கியிருக்கிறார். நல்ல புரொட்யூசர் செய்ய வேண்டிய வேலை அது. அல்பினி அந்த இடத்தில் இருந்திருந்தால் வேண்டாமென்றதை வேண்டாமென்றே விட்டிருப்பார். ஆல்பம் வெளிவந்த பிறகு கோபெயின் அதன் மெருகைப் பார்த்துச் சங்கடப்பட்டார், அதுதான் அடுத்த ஆல்பத்துக்கு அவரை அல்பினியிடம் கொண்டுவந்தது.

1993 பிப்ரவரியில் மினசோட்டாவின் கேனன் ஃபால்ஸ் என்ற சிற்றூருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே இருந்த பேக்கிடர்ம் ஸ்டுடியோவில் 'இன் யூட்டெரோ' பதிவானது. கூட்டம் சேராமலிருக்க வேறொரு குழுவின் பெயரில் முன்பதிவு செய்திருந்தார்கள். பதிவும், பதிந்த ஒலிகளை அளவு பார்த்துக் கலக்கும் மிக்ஸிங்கும் சேர்த்து இரண்டு வாரம்தான். அல்பினிக்கு மொத்தமாக 1 லட்சம் டாலர், ராயல்டி இல்லை.

பிறகு தகராறு வெடித்தது. நிர்வாணாவின் ஆல்பங்களை வெளியிட்ட கெஃபன் நிறுவனத்துக்கு ஆல்பம் பிடிக்கவில்லை என்று அல்பினி சிகாகோ நாளிதழ் ஒன்றிடம் சொல்ல, செய்தி 'நியூஸ்வீக்' வரை போனது. அதை மறுத்து 'பில்போர்டு' இதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது குழு. ஆனால் குழுவுக்குள்ளேயே தயக்கம் இருந்தது. குரல் அமுங்கிக் கிடக்கிறது, பேஸ் கிட்டார் தெளிவாக இல்லை என்று தோன்றியது. கடைசியில் இரண்டு பாடல்களை ஆர்.ஈ.எம். குழுவோடு வேலை செய்த ஸ்காட் லிட் மறுபடியும் மிக்ஸ் செய்தார், வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீராக்கும் மாஸ்டரிங்கில் பாப் லட்விக் மற்றவற்றைக் கூர்மையாக்கினார். செப்டம்பரில் வெளியான ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் நேராக முதலிடத்தில் இறங்கியது.

அல்பினியின் கொள்கைக்கு உண்மையான சோதனை அங்கேதான் வந்தது. ஆல்பம் குழுவுக்குச் சொந்தம் என்றால், அதை இன்னொருவரிடம் கொடுத்து மாற்றும் உரிமையும் குழுவுக்குத்தானே? தன்னைக் கேட்காமல் மாற்றுவதில்லை என்று பேசியிருந்ததாகச் சொல்லி மூலப் பதிவான மாஸ்டர் டேப்புகளைக் கொடுக்க முதலில் மறுத்தார், குழுவிலிருந்தே கேட்ட பிறகு கொடுத்துவிட்டார். அவர் மறுத்த அந்தச் சில நாட்களில், வெறும் கூலிக்காரராக அவரால் இருக்க முடியவில்லை என்பது தெரிகிறது. தான் செய்த ஒலியின் மேல் அவருக்குப் பாசம் இருந்தது. இருக்கத்தானே செய்யும்? இருபது ஆண்டு கழித்து, 2013 மறுவெளியீட்டில் அவரே அந்த ஆல்பத்தைப் புதிதாக மிக்ஸ் செய்தார். அதையும் பழையதையும் அடுத்தடுத்துக் கேட்டால், 1993இல் எல்லோரும் சண்டை போட்ட வித்தியாசம் நினைத்ததைவிடச் சின்னது என்றே எனக்குத் தோன்றுகிறது.

'நான் வெறுமனே பதிவு செய்பவன்' என்ற அவர் வாதத்தின் பலவீனமும் இதே இடத்தில்தான். மைக்கை எங்கே வைப்பது என்பதும் ஒரு முடிவு. குரலை வாத்தியங்களுக்கு மேலே தூக்காமல் நடுவில் விடுவதும் ஒரு ரசனை. ஆங்கிலேயப் பாடகி பி.ஜே. ஹார்வியின் 'ரிட் ஆஃப் மீ' இதற்கு நல்ல உதாரணம். அதே பேக்கிடர்மில், சில வாரம் முன்பு பதிவானது அது. முதல் பாட்டு முணுமுணுப்பாகத் தொடங்குகிறது. கேட்பவர் ஒலியைக் கூட்டி வைக்கிறார், அப்போது கிட்டாரும் டிரம்ஸும் மேலே வந்து விழுகின்றன. வானொலிக்காகச் செய்யும் மிக்ஸில் இந்த ஏற்ற இறக்கத்தைத் தட்டிச் சமப்படுத்திவிடுவார்கள். அல்பினி அப்படியே விட்டார். சிலருக்கு அது அந்த ஆல்பத்தின் உயிர். குரல் புதைந்துபோனது என்று குறைப்பட்டவர்களும் உண்டு. அதே ஆண்டு ஹார்வி தன் வீட்டு நாலு டிராக் பதிவுகளைத் தனி ஆல்பமாக வெளியிட்டார், அதையே உயர்த்திப் பேசும் ரசிகர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்வது ஒன்றை: 'ரிட் ஆஃப் மீ' அல்பினி பதிவு செய்தது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். தடம் பதிக்காமல் போக நினைத்தவரின் தடம் எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது.

ஆனால் அந்தத் தடத்தைச் சத்தம் என்று மட்டும் புரிந்துகொள்பவர்கள் அவருடைய நல்ல வேலைகளில் பாதியைத் தவறவிடுகிறார்கள். லோ குழுவின் 'திங்ஸ் வீ லாஸ்ட் இன் த ஃபயர்' (2001) கிசுகிசுப்பாகவே நகரும் ஆல்பம். ஜோவன்னா நியூசமின் 'யீஸ்' (2006) ஆல்பத்தில் அவர் பதிவு செய்தது ஒரு யாழையும் ஒரு குரலையும்தான், அதில் விரல் நரம்பை விட்டு எழுவதுகூடக் கேட்கிறது. சாங்ஸ்: ஒஹாயோவின் 'மேக்னோலியா எலெக்ட்ரிக் கோ.' (2003) ஒரு கூட்டமே ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்த பதிவு. லெட் செப்பலினின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும்கூட 1998இல் வெளியான தங்கள் ஆல்பத்துக்கு அவரை அழைத்தார்கள்.

நிர்வாணாவுக்குப் பிறகு வேலை குவிந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். நடந்தது வேறு. பெரிய நிறுவனங்கள் அவரைத் தொல்லை பிடித்தவர் என்று ஒதுக்கின, சின்னக் குழுக்கள் இனி அவர் நமக்குக் கட்டுப்படியாக மாட்டார் என்று நினைத்து வரவில்லை. ஏறக்குறைய ஓட்டாண்டியாகும் நிலைக்குப் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். அதிலிருந்து மீண்டு, வீட்டு அடித்தளத்தில் வைத்திருந்த ஸ்டுடியோவை விட்டு, சிகாகோவின் பெல்மான்ட் அவென்யூவில் ஒரு கட்டடத்தை வாங்கி 1997இல் எலெக்ட்ரிகல் ஆடியோவைத் திறந்தார்.

அந்தக் கட்டடமே அவர் கொள்கையின் செங்கல் வடிவம். செங்கல் என்று சொன்னாலும் அது சுடாத மண் கல், நியூ மெக்சிகோவிலிருந்து வரவழைத்தது. கனமான மண் சுவர் வெளிச்சத்தத்தையும் தடுக்கும், உள்ளே ஒலியைக் கரகரப்பில்லாமல் திருப்பியும் தரும். இரண்டு ஸ்டுடியோக்கள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு குணமுள்ள அறைகள். எதிரொலியே எழாத ஒரு அறை, உயரக் கூரையோடு முழங்கும் ஒரு அறை. வாடகை வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. வேலை செய்பவர்கள் மெக்கானிக் போடுவதைப் போன்ற முழு உடுப்பில் இருப்பார்கள், அல்பினியும் அப்படித்தான். தொலைபேசியில் கூப்பிட்டு நாள் கேட்டால் யாருக்கும் கிடைக்கும். முதல் ஆல்பம் போடும் பிள்ளைகளுக்கும் பிரபலங்களுக்கும் ஒரே மைக்குகள், ஒரே கவனம்.

டேப்பை அவர் கடைசிவரை விடாததற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. அனலாக் ஒலி இதமாக இருக்கும் என்ற பேச்சில் அவருக்கு அக்கறை குறைவு. அவர் கவலை எதிர்காலம் பற்றியது. ஐம்பதுகளில் பதிவான டேப்பை இன்றைய மெஷினில் மாட்டினால் ஓடும். பத்து வருடம் முன்பு ஒரு மென்பொருளில் செய்த வேலையைத் திறக்க அந்த மென்பொருள் வேண்டும், அது ஓடும் கணினி வேண்டும், அதன் நீட்டிப்புகள் எல்லாம் வேண்டும். டேப் என்பது கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருள். வேலை முடிந்ததும் குழு அதை எடுத்துக்கொண்டு போகலாம். தன் பாட்டு தன் அலமாரியில் இருக்கும். ராயல்டி வேண்டாம் என்பதும் டேப்தான் வேண்டும் என்பதும் இப்படி ஒரே இடத்தில் வந்து முடிகின்றன: இசை யார் செய்ததோ அவர் கையில் இருக்க வேண்டும்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு இருண்ட பக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. பிக் பிளாக் கலைந்த பின் அவர் தொடங்கிய குழுவுக்கு, வன்புணர்வு செய்பவனைக் குறிக்கும் ரேப்மேன் என்று பெயர் வைத்தார், ஒரு ஜப்பானிய காமிக்ஸிலிருந்து எடுத்தது. எழுத்திலும் பேட்டியிலும் அவர் அந்நாட்களில் கொட்டிய வார்த்தைகளில் பல, அடுத்தவரைக் காயப்படுத்துவதற்காகவே தேர்ந்தெடுத்தவை. யாரும் குறுக்கிடக் கூடாது என்று கட்டிக்கொண்ட அதே உலகத்தில் 'இது வேண்டாம்' என்று சொல்லவும் ஆள் இல்லை. இடைத்தரகர்களை விரட்டிய சுதந்திரம் நல்ல ஆல்பங்களையும் தந்தது, அந்தப் பெயரையும் தந்தது. 2021இல் அவர் இதைப் பொதுவெளியில் எழுதினார். எங்களைப் போன்றவர்களுக்கு எந்த ஆபத்தும் இல்லாததால்தான் அது வேடிக்கையாகத் தெரிந்தது, அதன் விளைவுகளில் எனக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டார். சமாதானம் சொல்லவில்லை. அந்த வயதில், அந்த இடத்தில் இருந்த எத்தனை பேர் அதைச் செய்தார்கள்?

அவர் சொந்தமாக வாசிப்பதை நிறுத்தவேயில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. 1992இல் பாப் வெஸ்டன், டாட் டிரெய்னரோடு தொடங்கிய ஷெல்லாக் குழு கடைசிவரை இருந்தது. வருடக்கணக்கில் இடைவெளி விட்டு ஆல்பம் போடுவார்கள், தோன்றும்போது கச்சேரிக்குப் போவார்கள். வயிற்றுப்பாடு ஸ்டுடியோவிலிருந்து வந்ததால் குழு யாருக்கும் அடிபணிய வேண்டியிருக்கவில்லை. புரொட்யூசராக மாறிய இசைக்கலைஞர்கள் பலருக்கு வாசிப்பு என்பது முடிந்துபோன பழைய வாழ்க்கை. அவருக்கு அது மைக்கின் மறுபக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்பதை மறக்காமல் வைத்திருந்தது.

2014இல் மெல்போர்னில் இசைத்துறையினர் மாநாட்டில் பேசியபோது, தான் 1993இல் எழுதிய பிரச்சினையை இணையம் தீர்த்துவிட்டது என்றார். குழுக்கள் ரசிகர்களை நேரடியாக அடைகிறார்கள், பழைய நிறுவனங்களின் பிடி தளர்ந்துவிட்டது என்பது அவர் வாதம். இதில் மட்டும் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. பழைய தரகர்கள் போன இடத்தில் ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் வந்து உட்கார்ந்தன. ஒரு பாட்டு ஒருமுறை ஓடினால் கிடைப்பது ஒரு சென்ட்டில் ஒரு பகுதி. பாட்டு உலகம் முழுக்கப் போகிறது என்பது உண்மை, ஆனால் அவர் பேஃப்ளரில் போட்ட ஏட்டை இன்றைய எண்களோடு மறுபடி எழுதினால் குழுவின் வரி அவ்வளவு மகிழ்ச்சியாக இருக்காது. அவர் சரியாகச் சொன்னது வேறொன்றை: பதிவுச் செலவு சின்னதாக இருந்தால் யாருக்கும் கடன்படாமல் தொடர்ந்து வாசிக்கலாம்.

அவருக்கே அது சுலபமாக இருக்கவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆல்பங்களில் வேலை செய்தவருக்கு, அவற்றில் ஒன்றிலிருந்தும் மாதாமாதம் வரும் காசு கிடையாது. வேலை செய்தால் வருமானம், இல்லையென்றால் இல்லை. ஸ்டுடியோவைத் திறந்து வைத்திருப்பதே பாடு என்பதை அவர் பேட்டிகளில் மறைத்ததில்லை. அவருடைய வருமானத்தில் ஒரு பகுதி சீட்டாட்டத்திலிருந்து வந்தது, பொழுதுபோக்காக அல்ல, கறாரான கணக்கோடு ஆடினார். உலக போக்கர் தொடரில் 2018இலும் 2022இலும் பட்டம் வென்றார். இரண்டாவது வெற்றியில் மட்டும் 1,96,089 டாலர். 'இன் யூட்டெரோ'வுக்கு வாங்கியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

2024 மே 7 அன்று மாரடைப்பில் இறந்தார், வயது 61. பத்து நாள் கழித்து ஷெல்லாக்கின் 'டு ஆல் டிரெயின்ஸ்' வெளியானது, அது முன்பே முடிவான தேதி. எலெக்ட்ரிகல் ஆடியோவை அங்கே அவரோடு வேலை செய்தவர்கள் நடத்துகிறார்கள், டேப் மெஷின்கள் ஓடுகின்றன. டிரம்ஸுக்கு எந்த மைக்கை எங்கே, என்ன கோணத்தில் வைப்பது என்று அவரே நின்று விளக்கும் காணொலிகள் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன.